டைனமோவில் ஓடிய பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இளையராஜா ரசிகர்களின் இணையக் குழுவில் எனக்குக் கிடைத்த சிநேகிதர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். மற்றவர்களின் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த இதழில் பார்ப்போம்.

*

"அக்கா, அப்போது பாதிப் பேருக்கு இணையம் என்றாலே என்னவென்று தெரியாதே. நீங்கள் எப்படி அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தீர்கள்?" – வாசகி, கும்பகோணம்

1999 நவம்பர். கோவை பீளமேட்டில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. என் தம்பி வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதற்காக சனிக்கிழமை சாயங்காலங்களில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவான். மணிக்கு 40 ரூபாய். பிளைவுட் தடுப்பு, சுழலாத நாற்காலி, பெயின்ட் வாசனை. ஒருநாள் துணைக்குப் போன என்னிடம், "இன்னும் பதினைந்து நிமிஷம் மிச்சம் இருக்கு, உனக்கு ஏதாவது பார்க்கணுமாக்கா?" என்றான். ராஜா பெயரை அடி என்றேன்.

அந்தக் குழு ஒரு எளிய ஏற்பாடு. ஒருவர் எழுதும் மடல் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போய்விடும். படம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் எழுத்து. அதுவும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியது. ஒருவர் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு இன்னொருவரிடம் இருக்காது. தமிழில் அனுப்பினால் அங்கே புள்ளியும் கோடுமாகத் தெரியும்.

நான் முதலில் படித்த மடல் 'சிந்து பைரவி' படத்தின் 'கலைவாணியே' பற்றியது. கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையை மட்டும் வைத்து ராஜா போட்ட பாட்டு அது, இறங்கும் வரிசையான அவரோகணமே கிடையாது என்று ஒருவர். ஒரு பாட்டு இறங்காமல் எப்படி இருக்க முடியும் என்று இன்னொருவர். இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

நான் சின்ன வயதில் எட்டு வருடம் வீணை கற்றவள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உறையைக் கழற்றி, தந்தி மாற்றி, கேசட்டை ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி, ஒரு வரி வாசித்துப் பார்த்தேன். பாட்டு ஏறும். ஏறி முடிந்ததும் கீழே இருக்கும் ஸ்வரத்துக்குத் தாவும். அங்கிருந்து மறுபடி ஏறும். படி படியாக இறங்குவது இல்லை, கீழ்ப்படிக்குக் குதிப்பதுதான். அதை ஸ்வரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பார்த்துப் பார்த்து அடித்து அனுப்பினேன். கீழே பெயர் போடவில்லை. அலுவலகத்தில் வவுச்சரில் போடுகிற இரண்டு இனிஷியலைப் போட்டேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் பதினோரு பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், "கோவை சாருக்கு நன்றி" என்று முடித்திருந்தார். கல்யாணமாகாத முப்பத்து மூன்று வயதுப் பெண் அன்றிலிருந்து கோவை சார் ஆனாள்.

*

"இப்போது ஒரு பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் யூடியூப் இணைப்பை அனுப்பினால் போதும். அப்போது அதுகூட இல்லாமல் வெறும் எழுத்தில் என்ன பெரிய நட்பு வளர்ந்துவிடும்?" – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, நட்பு வளர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

பாட்டை அனுப்ப முடியாது. நல்ல தரத்தில் ஒரு ஐந்து நிமிடப் பாட்டு 5 மெகாபைட். மோடம் நல்ல மனநிலையில் இருந்தால் வினாடிக்கு நான்கைந்து கிலோபைட் வரும். இருபது நிமிடம் ஆகும், அதுவும் லைன் அறுந்துபோகாமல் இருந்தால். பத்துப் பேர் ஒரே இணைப்பைப் பங்குபோடும் பிரவுசிங் சென்டரில் நினைத்தே பார்க்க முடியாது. சரி, 'பாட்டில் இத்தனையாவது நிமிடத்தில் கேளுங்கள்' என்று எழுதலாமா என்றால் அதுவும் முடியாது. எங்களில் பெரும்பாலானோரிடம் இருந்தது கேசட். ஒவ்வொரு டேப் ரிக்கார்டரிலும் இருக்கும் அந்த மூன்று இலக்க எண் ஒவ்வொரு மாதிரி ஓடும். என் 140 உன் 165.

அதனால் கேட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இன்டர்லூடில், வயலின்கள் எல்லாம் ஒன்றாக மேலே போய் நிற்கும்போது, கீழே பேஸ் கிடார் தனியாக வேறொரு வழியில் நடக்கும். மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி. கேட்டிருக்கிறீர்களா?' இப்படி ஒருவர் எழுதுவார். நீ வீட்டுக்குப் போய் அந்தக் கேசட்டைத் தேடி, அந்த இடத்தைத் தேடி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாய். அது வரும். அதுவரை நூறு தடவை கேட்ட பாட்டில், அந்த பேஸ் கிடார் அன்றுதான் உன் காதில் விழும். விழுந்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க உன்னால் முடியாது. உன் காதை ஒருவர் திறந்துவிட்டார். அவர் முகம் உனக்குத் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் அவருக்கு ஓட்டு வீடு பழக்கம், மழை பிடிக்கும் என்பது தெரியும். ஒரு சத்தத்தை, அதைக் கேட்க முடியாத ஒருவருக்கு எழுத்தில் புரியவைக்க வேண்டுமென்றால், நம் வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கொடுத்துத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆனோம். இணைப்பை அனுப்பினால் பாட்டு போய்ச் சேரும். நீ போய்ச் சேருவதில்லை.

இன்னொன்றும் செய்தோம். அந்தக் காலத்துக் கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. அந்தக் குழுவில்தான் யார் யாரென்று ஒவ்வொருவராகச் சேர்த்தோம். வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன், பேஸ் கிடார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன். நரசிம்மன் பெயர் மட்டும் பலருக்கும் முன்பே தெரியும். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் முக்கியமான வயலின் அவருடையது. மற்றவர்களைத் தேடினோம். ஸ்டுடியோ பக்கம் போகிற சொந்தக்காரர் ஒருவருக்கு, பழைய பத்திரிகை சேர்த்து வைத்திருக்கிற மாமா ஒருவருக்கு என்று எங்கெங்கோ கேட்டு எழுதுவார்கள். அவர்கள் வாசிப்பை நான் பதினைந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன், பெயர் தெரியாமல். பெயர் தெரிந்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

*

"நீங்கள் பெண் என்று அவர்களுக்கு எப்போது தெரிந்தது? தெரிந்ததும் எப்படி நடந்துகொண்டார்கள்?" – வாசகி, பொள்ளாச்சி

பத்து மாதம் கழித்து நானே சொன்னேன். மறைக்க வேண்டும் என்று ஆரம்பித்ததில்லை. ஆனால் 'சார், சார்' என்று ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தை எழுதும்போது, அவருக்கு நான் பொய் சொல்வது போல் இருந்தது. ஒரு சனிக்கிழமை நான்கு வரியில் எழுதி அனுப்பிவிட்டு, பதில் எதையும் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க வயிற்றில் என்னவோ செய்தது. அடுத்த சனிக்கிழமை திறந்தால் முதல் மடல்: "அக்கா, கீரவாணி ராகம் பற்றிக் கேட்டிருந்தேனே, இன்னும் பதில் வரவில்லை." அவ்வளவுதான். இரண்டு பேர் மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள், எதற்கு என்று அவர்களுக்கே தெரியாமல்.

2002 ஜனவரியில் சென்னையில் நேரில் பார்த்தோம். கதீட்ரல் சாலையில் அப்போது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கும் இடம். தம்பியோடு போனேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அடையாளத்துக்கு மேஜை மேல் ஒரு கேசட் உறை வைப்பதாகப் பேச்சு. நான் அதைப் பார்க்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன். ஒருவர் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரலால் ஒரு தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், பூரியைக் கையில் வைத்துக்கொண்டே, வாய்க்குள் பேஸ் கிடாரை முனகிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் சரியான இடத்தில் புல்லாங்குழலாக உள்ளே வந்தார். பாடகர் பாடும் வரி மட்டும் யாரும் பாடவில்லை. நான் போய் உட்கார்ந்து அந்த வரியை மெதுவாகப் பாடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் யாரையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி இன்றைக்கும் அதைச் சொல்வான், ஒன்பது பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தீர்கள் என்று.

*

"என் மகளுக்குப் பதினாறு வயது. கொரியாவின் பிடிஎஸ் பாட்டுக்குழு என்றால் உயிர். ராத்திரி பதினொரு மணி வரை முகம் தெரியாத ரசிகைகளோடு போனில் தட்டச்சிக்கொண்டிருக்கிறாள். 'என் பெஸ்ட் ஃப்ரெண்ட் மணிலாவில் இருக்கிறாள்' என்கிறாள். பயமாக இருக்கிறது. போனைப் பிடுங்கிவிடட்டுமா?" – ஒரு தாய், சேலம்

பிடுங்காதீர்கள் அம்மா. மணிலாவில் இருக்கும் அந்தப் பெண் உங்கள் மகளுக்கு உண்மையான தோழியாக இருக்கலாம். எனக்கு மலேசியாவின் ஈப்போவில் ஒருவர் இருந்தார், கீழே சொல்கிறேன்.

அதே சமயம் உங்கள் பயமும் நியாயமானது. எங்கள் காலத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அந்த மெதுவே எங்களுக்குக் காவலாக இருந்தது. ஒரு ஆளை நம்புவதற்கு எனக்கு இரண்டு வருடம் இருந்தது. இவளுக்கு எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். அதனால் மூன்று விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். போட்டோ, வீட்டு முகவரி, பணம் இந்த மூன்றும் உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது. யாரையாவது நேரில் பார்க்கப் போவதென்றால், நான் தம்பியை அழைத்துப் போனது போல, வீட்டு ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். தூக்கம் கெடக் கூடாது.

அப்புறம் ஒன்று செய்யுங்கள். அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஹெட்போனில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நீங்கள். எந்த இடம் பிடிக்கும், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

*

"உங்களைப் போல நானும் அந்தக் காலத்தில் நிறையச் சேர்த்து வைத்தேன். இப்போது நாற்பது ஃபிளாப்பியும் ஒரு கட்டு சிடியும் பரணில் கிடக்கின்றன. பழைய தமிழ் மடல்களைத் திறந்தால் கிறுக்கலாக வருகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?" – ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

போடாதீர்கள் ஐயா. யூஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஆன்லைனில் இன்னும் கிடைக்கிறது. முதலில் ஒவ்வொன்றின் தகட்டையும் விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் டிரைவில் போட வேண்டாம், அது டிரைவின் படிக்கும் முனையையும் கெடுத்து அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். நல்லதாக இருப்பவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். சிடியை இன்னும் அவசரமாகப் பாருங்கள், நாமே எழுதிய சிடிகளின் சாயம் வருடம் ஆக ஆக மங்கும். கிறுக்கல் எழுத்து பெரும்பாலும் டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கமாக இருக்கும். அதை யூனிகோடாக மாற்றும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரன் பேத்தி யாரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவையுங்கள்.

*

"நீங்களெல்லாம் பாட்டை இலவசமாகப் பிரதி எடுத்துப் பகிர்ந்துகொண்டவர்கள்தானே?" – வாசகர், வேலூர்

ஆமாம், செய்தோம். தரத்தை 32 கிலோபிட்டுக்குக் குறைத்தால் ஐந்து நிமிடப் பாட்டு ஒரு ஃபிளாப்பியில் அடங்கும். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். கடையில் கிடைக்காத பாட்டுகளை அப்படித் தபாலில் அனுப்பிக்கொண்டோம். கிடைக்கவில்லை என்பது காரணம்தான், ஆனால் உழைத்தவருக்குப் போக வேண்டியது போகவில்லை என்பதும் உண்மை. சம்பளம் உயர்ந்த பிறகு என்னிடம் பிரதியாக இருந்த எல்லாவற்றையும் தேடித் தேடி ஒரிஜினல் சிடியாக வாங்கினேன். சில பாட்டுகளுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

*

"இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு குழுவில் எனக்கு நெருக்கமாக இருந்த ஒரு அண்ணனைத் தேடிப்பிடித்துவிட்டேன். முகவரி கையில் இருக்கிறது. ஆனால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் கழித்து என்ன சொல்லி எழுதுவது?" – வாசகி, நாகர்கோவில்

இன்றைக்கே எழுதுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்தவுடன்.

ஈப்போவில் ஒரு பள்ளி ஆசிரியர் எங்கள் குழுவில் இருந்தார். எல்லோரையும்விட மூத்தவர், நாங்கள் 'வாத்தியார்' என்றுதான் எழுதுவோம். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை ஈப்போவில் பார்க்கப் போனாராம். இசைத்தட்டில் எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புது காலை' அவருக்கு மனப்பாடம். படம் முழுக்க அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தியேட்டர்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, மறுநாள் இன்னொரு காட்சிக்குப் போனார். அப்போதும் வரவில்லை. இருபது வருடம் அந்தத் தியேட்டர் மேல் மனக்குறையோடு இருந்தவரிடம், எங்கள் குழுவில்தான் ஒருவர் சொன்னார், அந்தப் பாட்டு இசைத்தட்டில் மட்டும்தான், படத்தில் எந்த ஊரிலும் இல்லை என்று. வாத்தியார் அன்றைக்கு எழுதிய மடலை நான் ஒரு பக்கம் ஐந்து ரூபாய் கொடுத்து பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். "நான் நாளை அந்தத் தியேட்டர் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுதியிருந்தார். போயும் வந்தார். அப்போது அந்த இடத்தில் மரச்சாமான் கடை இருந்ததாம்.

2008 வாக்கில் எல்லோரும் வேறு வேறு இடங்களுக்குப் போக, குழுவில் மடல்கள் குறைந்தன. நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அலுவலகத்தில் புது மென்பொருள், ஏதோ ஒன்று. வாத்தியாருக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். 2011-ல் உட்கார்ந்து எழுதிய நீளமான மின்னஞ்சலுக்கு அவர் மகள் பதில் போட்டாள். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது, உங்களைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார், யாருக்குத் தெரிவிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று. சொந்தக்காரர்களுக்குப் போன் போகும், அக்கம்பக்கத்துக்கு ஆள் போகும். எங்களைப் போன்றவர்களுக்கு யார் சொல்வார்கள்? எங்கள் பெயர் அவர் வீட்டு டயரியில் இல்லை.

2019 டிசம்பரில், நாங்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்த நிறுவனம் பழைய மடல்கள் அனைத்தையும் அழித்தது. ஒரு வருடம் கழித்து சேவையையே மூடிவிட்டது. அறிவிப்பு வந்தபோது என் கண்ணில் படவில்லை. இப்போது என்னிடம் இருப்பது ஒரு பச்சை நிற பாக்ஸ் ஃபைல், அதில் சுமார் முன்னூறு தாள். டாட் மேட்ரிக்ஸ் மை பாதி வெளுத்துவிட்டது.

என்ன சொல்லி எழுதுவது என்று கேட்டீர்கள். நீங்கள் இருவரும் பேசிய ஒரு பாட்டின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். மிச்சம் தானாக வரும்.

*

"அந்த நண்பர்களில் இப்போதும் யாராவது தொடர்பில் இருக்கிறார்களா?" – வாசகர், புதுச்சேரி

வாட்ஸ்அப்பில் ஐந்து பேர் இருக்கிறோம். எங்கள் குழுவில் அலுக்காமல் பேசிய பேச்சு ஒன்று உண்டு. 1993-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ராஜா பதிவு செய்த சிம்பொனி எப்போது வெளிவரும் என்பது. அது வரவே இல்லை. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி மேடையேறியது. அது வேறு, புதியது. எங்கள் ஐவரில் ஒருவர் லண்டன்வாசி, போயிருந்தார். இடைவேளையில் அவர் படம் எதுவும் அனுப்பவில்லை. பழைய பழக்கத்தில் நாற்பது வரி எழுதி அனுப்பினார், எந்த வாத்தியம் எங்கே உள்ளே வந்தது, எங்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்று. தொடக்கத்தில் "கோவை சாருக்கு" என்று போட்டிருந்தார். வாத்தியார் இருந்திருக்க வேண்டும்.

*

"உங்களால் மறக்கவே முடியாத ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லுங்கள்." – வாசகி, மதுரை

டொராண்டோ தம்பி. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பக்கம் வடமராட்சிக்காரர். 2001-ல் குழுவில் அவர் எழுதிய முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது. 'ராஜ ராஜ சோழன் நான்' பாட்டின் சரியான வேகம் என்ன என்று கேட்டார். கேசட்டில் இருப்பதுதானே சரியான வேகம் என்று எல்லோரும் எழுதினோம். அதற்கு அவர் போட்ட பதில்தான் இது, என் ஃபைலில் இருக்கிறது, தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருகிறேன்.

"எங்கட ஊரில தொண்ணூறிலிருந்து கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் எடுத்து ரேப் ரெக்கோடருக்குக் குடுப்பம். அண்ணா பாட்டுக் கேப்பார், நான் சுத்துவன். கை உழைஞ்சா பாட்டு இழுபடும். நான் இந்தப் பாட்டை அப்பிடித்தான் நூறு தரம் கேட்டனான். இங்க வந்து ஒரு கடையில கேட்டன். ஆரோ பாட்டை விரட்டுற மாதிரி இருந்தது. எங்கட பாட்டு ஆறுதலாப் போகும்."

அவர் அண்ணன் எங்கே என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அவரும் எழுதவில்லை.

நான் அவருக்கு எழுதினேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் குறைந்தால் டேப் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் வேகம் மட்டுமல்ல, சுருதியும் இறங்கும், அதனால் நீங்கள் கேட்டது கீழ்ச்சுருதியில் இருந்திருக்கும் என்று. அவர் விளக்கத்தைப் படித்துவிட்டு, "சரியான வேகம் எது எண்டு இப்ப விளங்குது, அக்கா. ஆனா எனக்கு மற்றதும் வேணும்" என்று எழுதினார்.

2003-ல் ஒருநாள் காலை எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அங்கே ராத்திரி. போன் கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பாட்டைத் தன் நினைவில் இருக்கும் சுருதியிலேயே முனகினார். நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வீணையில் தேடினேன். சுருதிக் கணக்கில், ஜேசுதாஸ் பாடியதற்கு ஒன்றரைக் கட்டை கீழே. சுருதி அவ்வளவு இறங்கும் அளவுக்கு டேப் மெதுவாக ஓடியிருந்தால், ஐந்து நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடியிருக்கும். அத்தனை நேரம் ஒரு பதினான்கு வயதுப் பையன் சுற்றியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீணையைக் கீழே இறக்கிச் சுருதி சேர்த்தேன். அவ்வளவு கீழே போனால் தந்தி தொய்ந்துவிடும், தடித்த தந்தி வாங்கி மாற்றினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தாமல் விட்டதுதான் பிசகு, ஒரு அறுபது நிமிட டிடிகே கேசட்டில் அந்தப் பாட்டை முழுதாக வாசித்துப் பதிவு செய்தேன். ப்ரீலூடிலிருந்து கடைசிவரை, அவர் சுற்றிய வேகத்தில். இரண்டாவது சரணத்துக்கு நடுவில் தெருவில் கீரை விற்கும் அம்மாவின் குரல் வந்துவிட்டது, 'அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி' என்று. மறுபடி வாசிக்கலாம் என்றால் விரல் வெந்துபோயிருந்தது. அப்படியே தபாலில் அனுப்பினேன்.

போன மாதம் அவர் மகள் அந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றியிருக்கிறாள். நன்றாகச் செய்திருக்கிறாள், இரைச்சல்கூட இல்லை. நடுவில் வரும் அந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிடட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம், அது பாட்டில இருக்கிறதுதான் என்றாராம்.